அப்பாவுக்கு ஏன் ஷாக் கொடுக்கவில்லை?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்பு என் அப்பா காலமானார். வயது 63. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். சற்று நேரத்தில் பேச்சு மூச்சில்லாமல் கூடத்தில் சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரில் ஏற்றி, அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க 25 நிமிடங்கள் ஆகிவிட்டன. அங்கே அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். மானிட்டரில் நேர்கோடுதான் ஓடியது. பிறகு கையை விரித்துவிட்டார்கள். ஷாக் கொடுக்கவே இல்லை. இதையெல்லாம் என் தம்பி கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். சென்ற மாதம் நாங்கள் இருவரும் ஓர் அமெரிக்க மருத்துவத் தொடரைப் பார்த்தோம். அதே நேர்கோடு, அதே 'பீப்' ஒலி. மருத்துவர் இரண்டு முறை ஷாக் கொடுத்ததும் நோயாளி கண் விழித்துப் பேசினார். தம்பி பாதியில் எழுந்து போய்விட்டான். அந்த மருத்துவமனைக்குப் போகச் சொன்னது நான் என்பதால் என்னிடமும் அதன்பின் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. மருத்துவர்கள் செய்தது தவறா? இத்தகைய தொடர்களில் காட்டுவதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?
(பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; எஞ்சியதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். மானிட்டரில் நேர்கோடு இருக்கும்போது ஷாக் கொடுப்பதில்லை. உலகில் எந்த நாட்டின் சிகிச்சை வழிகாட்டுதலும் அப்படிக் கொடுக்கச் சொல்வதில்லை. நெஞ்சை இடைவிடாமல் அழுத்துவது, மூச்சுக்கு வழி செய்வது, அட்ரினலின் மருந்தை 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை நரம்பில் செலுத்துவது, இதயம் நின்றதற்குச் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதேனும் உண்டா என்று தேடுவது ஆகியவையே அந்த நிலைக்குரிய சிகிச்சை. நீங்கள் விவரித்திருப்பதும் ஏறத்தாழ அதுதான். உங்கள் அப்பாவின் சிகிச்சைப் பதிவை நான் பார்க்கவில்லை. ஆகவே அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் நான் சான்று கூற இயலாது. ஆனால், 'ஷாக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்' என்ற ஒன்றைத்தான் உங்கள் தம்பி எட்டு மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறார் என்றால், அந்த ஒன்றை அவர் இறக்கி வைத்துவிடலாம்.

ஏன் கொடுப்பதில்லை என்பது புரியாதவரை அவருக்கு இது சமாதானப் பேச்சாகவே தோன்றும். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பேட்டரி இறங்கிய வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்வதைப் போல, நின்றுபோன இதயத்தை ஓடவைக்கும் கருவிதான் ஷாக் மெஷின் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை நேர் எதிரானது. தாறுமாறாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஒரு கணம் நிறுத்துவதற்காகவே அந்த மின்சாரம். கோவில் வாசலில் பத்துத் தவில்காரர்கள் ஆளுக்கொரு தாளத்தில் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் இருக்கிறது, கச்சேரி இல்லை. யாரோ ஒருவர் ஓங்கி ஓர் அதட்டல் போட்டதும் எல்லாக் கைகளும் ஒரு நொடி நிற்கின்றன; அந்த அமைதியில் மூத்த வித்துவான் தாளத்தை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். இதயத்தின் கீழறைத் தசைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். ஷாக் என்ற அதட்டல் அதற்கும், நாடி இல்லாத அதிவேகத் துடிப்புக்கும்தான் வேலை செய்யும். அதட்டல் முடிந்த அமைதியில் இதயத்தின் இயல்பான தாளக்காரன் மீண்டும் பொறுப்பெடுத்துக்கொண்டால் ஆள் பிழைப்பார். நேர்கோடு என்பதோ மேடையில் தவில்காரரே இல்லாத நிலை. அங்கே யாரை அதட்டுவது?

விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் தானியங்கி ஷாக் கருவிகளைத் தம்பி பார்த்திருக்கக்கூடும். மருத்துவம் படிக்காதவரும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஒட்டும் பட்டைகளை நெஞ்சில் ஒட்டினால், கருவியே துடிப்பை ஆராய்ந்து என்ன செய்ய வேண்டும் என்று குரலில் சொல்லும். நேர்கோடாக இருந்தால் 'ஷாக் தேவையில்லை, நெஞ்சழுத்தத்தைத் தொடரவும்' என்றுதான் அது சொல்லும். நாம் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் மின்சாரத்தை விடாது. என் சொல்லைவிட இயந்திரத்தின் சொல்லை உங்கள் தம்பி எளிதில் நம்புவார் என்றால் அதையே அவருக்குச் சொல்லுங்கள்.

பிறகு ஏன் தொடர்களில் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்கிறார்கள்? எழுதுபவர்களுக்குத் தெரியாது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். இத்தகைய தொடர்களுக்கெல்லாம் முன்னோடியாக 1994 முதல் 2009 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடிய 'இ.ஆர்.' தொடரை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் மருத்துவப் பட்டம் பெற்றவர்; ஜோ சாக்ஸ் என்ற அவசர சிகிச்சை மருத்துவர் அதன் எழுத்தாளர் குழுவில் இருந்தார். சிக்கல் திரையில் இருக்கிறது. தசை நடுங்கும் நிலையின் கோடு குழந்தை கிறுக்கியதைப்போல இருக்கும். பார்வையாளருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. நேர்கோடும் நீண்ட பீப் ஒலியும் மொழி தெரியாதவருக்குக்கூட மரணத்தைச் சொல்லிவிடும். அழுகையும் மீட்சியும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டிய காட்சிக்கு அந்தக் கோடு வசதியாகிவிட்டது. கட்டிலைவிட்டு ஓர் அடி எம்பி விழும் உடலும் அப்படித்தான். உண்மையில் தோளும் மார்பும் ஒரு முறை வெடுக்கென்று அசையும், அவ்வளவே. '200, 300, 360' என்று கத்திக் கத்தி மின்னாற்றலை ஏற்றிக்கொண்டே போவார்களே, அது மட்டும் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. அடுத்தடுத்து மூன்று ஷாக் என்பதுதான் பழைய முறை. 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் அதை மாற்றி, ஒரே ஒரு ஷாக், உடனே இரண்டு நிமிட நெஞ்சழுத்தம் என்று வகுத்தன. இருபது ஆண்டுகள் கழிந்தும் பல தொடர்கள் பழைய பாடத்தையே ஒப்பிக்கின்றன.

இந்த இடத்தில் என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையின் கேஷுவால்ட்டியில் இரவுப் பணியில் இருந்தேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள், நாடி இல்லை, வயர்களைச் சரிபார்த்துப் போட்டபோது நேர்கோடு. கட்டிலின் மெத்தை அழுத்த அழுத்த உள்ளே போய்க்கொண்டிருந்ததால், முதுகுக்கடியில் பலகையைச் செருகி, நானும் கட்டில்மீது ஒரு முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தேன். என் நெற்றி வியர்வை அவர் சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டின்மேல் சொட்டியது. செவிலியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 'மூணு நிமிஷம் ஆச்சு சார்' என்று அட்ரினலினை எடுத்தார். கதவருகே நின்ற மகன், 'ஷாக் குடுங்க டாக்டர், ஏன் குடுக்க மாட்டேங்கறீங்க, பணம் கட்டறேன்' என்று கதறிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். கடைசியில் நான் ஷாக் மெஷினை இழுத்து, நெஞ்சழுத்தத்தை நிறுத்தி, ஒரு ஷாக் கொடுத்தேன். கோடு அசையவில்லை. அந்த ஷாக் நோயாளிக்காகக் கொடுக்கப்பட்டதன்று. கதவருகே நின்றவர்களுக்காகக் கொடுக்கப்பட்டது. பயத்தாலும் கொடுத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. அதற்காக அழுத்தத்தை நிறுத்திய அரை நிமிடத்தில் அவர் மூளைக்குச் சென்றுகொண்டிருந்த கொஞ்சநஞ்ச இரத்தமும் நின்றிருக்கும். மகன் மட்டும் ஓரளவு அமைதியானார். டாக்டர் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார் என்று. உங்கள் அப்பாவுக்குச் சிகிச்சையளித்த டியூட்டி டாக்டர் அந்த நாடகத்தை நடத்தவில்லை. தம்பி கதவிடுக்கில் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தால், என்னைவிட அவர் உறுதியானவர் என்றுதான் சொல்வேன்.

தொடர்களில் ஷாக்கைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அது எண்ணிக்கையில் இருக்கும் பிழை. 1996இல் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் 'இ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய மூன்று நிகழ்ச்சிகளின் 97 பகுதிகளைப் பார்த்து, அவற்றில் நெஞ்சழுத்த சிகிச்சை அளிக்கப்பட்ட 60 நிகழ்வுகளைக் கணக்கெடுத்து, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். திரையில் 75 சதவீதத்தினர் அந்த இடத்திலேயே உயிர் மீண்டார்கள். 67 சதவீதத்தினர் வீடு திரும்பும் அளவுக்குத் தேறியதாகவும் காட்டப்பட்டிருந்தது. மெய்யான உலகில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவோர், அமெரிக்காவில்கூட ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். மருத்துவமனைக்குள்ளேயே, சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போது நின்றாலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான். நேர்கோட்டோடு வந்துசேர்பவர்களில் இது இன்னும் வெகுவாகக் குறையும். அந்த ஆய்வில் என்னைத் தடுத்து நிறுத்திய இன்னொரு விவரம்: தொலைக்காட்சியில் இதயம் நின்றவர்களில் 65 சதவீதத்தினர் சிறுவர்கள், பதின்வயதினர், இளைஞர்கள். எங்கள் வார்டுகளுக்கு வருபவர்களோ பெரும்பாலும் உங்கள் அப்பாவின் வயதை ஒத்தவர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ளே வேலை செய்து முடித்த உடல்கள்.

நூறு பேரில் எழுபது பேர் பிழைப்பதைத் திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பிழைக்காத ஒருவர் எப்படித் தெரிவார்? யாரோ தவறு செய்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். உங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் மருத்துவமனையைச் சந்தேகிக்கிறார். அங்கே அனுப்பிய உங்களைச் சந்தேகிக்கிறார். தன்னையும் சந்தேகிக்கிறாரோ என்னவோ. பிரிட்டனில் எடுக்கப்பட்ட மருத்துவத் தொடர்களை இதேபோல ஆராய்ந்தவர்கள், அங்கே உயிர் மீளும் விகிதம் நடைமுறைக்கு நெருக்கமாகவே இருப்பதாக 1998இல் எழுதினார்கள். ஆகவே பார்வையாளர் தாங்கமாட்டார் என்ற சாக்கு எப்போதும் செல்லாது.

கண் விழித்துப் பேசுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கிய நோயாளி அநேகமாகப் பேசமாட்டார். மூச்சுக்குழாய்க்குள் டியூப் இருக்கும், வென்டிலேட்டரில் ஐ.சி.யூ.வுக்குப் போவார், மூளை எந்த அளவுக்குத் தாக்குப்பிடித்திருக்கிறது என்று சொல்ல நாட்கள் பிடிக்கும். நெஞ்சழுத்தத்தில் விலா எலும்புகள் முறிவதும் சாதாரணம். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தினால் முறியாமல் எப்படி இருக்கும்? நடிகர்கள் முழங்கையை மடக்கி, மாவு பிசைவதைப்போல லேசாக ஆட்டுவதற்கு நியாயமான காரணம் உண்டு: அடியில் படுத்திருப்பவர் உயிரோடு இருக்கும் சக நடிகர். ஆனால், அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், நிஜத்தில் முழங்கையை நீட்டித் தோளின் எடை முழுவதையும் இறக்கும் மருத்துவரைப் பார்த்தால் முரடர் என்றே நினைப்பார். அப்படி நினைத்து என் கையைப் பிடித்து இழுத்த உறவினர்கள் உண்டு.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களை வருத்தும் என்று தெரிகிறது. ஆனால் கேள்வியைக் கேட்டவர் நீங்கள். அரைப் பதில் தருவது சரியன்று. தொடர்களின் ஆகப் பெரிய பொய், உயிர் காக்கப்படும் இடத்தைப் பற்றியது. ஸ்ட்ரெச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும் கணத்தில்தான் கதை தொடங்குவதாக அவை காட்டுகின்றன. இதயம் நின்ற மனிதரின் கதை அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். நின்ற முதல் சில நிமிடங்களில் தசை நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை பலருக்கும் இருக்கிறது. ஷாக் பயன்படக்கூடிய காலம் அதுதான். நெஞ்சை யாரும் அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. நடுக்கம் மெல்ல மெல்ல ஓய்ந்து நேர்கோடாகிவிடும். 25 நிமிடங்களுக்குப் பிறகு நேர்கோடு இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், எந்த மருத்துவமனைக்குப் போயிருந்தாலும், எவ்வளவு பெரிய பெயர் பெற்ற மருத்துவமனையாக இருந்தாலும், முடிவு வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அருகிலிருந்த இடத்துக்குப் போகச் சொன்ன உங்கள் முடிவு சரியானது. தொலைவிலுள்ள பெரிய இடத்தைத் தேடிப் போயிருந்தால் அந்த 25, 40 ஆகியிருக்கும்.

கூடத்தில் அப்பா சரிந்தபோது யாரும் நெஞ்சை அழுத்தவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் அதை உங்களுக்குக் கற்பித்திருக்கமாட்டார்கள். எங்கள் மொழிவழக்கமும் துணைசெய்யவில்லை. இதய இரத்தக் குழாய் அடைபடுவதையும் மாரடைப்பு என்கிறோம். இதயம் துடிப்பதையே நிறுத்திவிடுவதையும் மாரடைப்பு என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. முன்னதில் நோயாளிக்கு நினைவு இருக்கும், வலிக்கிறது என்பார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உங்கள் அப்பா 4 மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றபோது இருந்தது அந்த நிலை. சரிந்தபின் வந்தது இரண்டாவது. அங்கே, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறல் மட்டும் இருக்கிறது என்றால், தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் 108ஐ அழைக்கும்போதே இன்னொருவர் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்சியில்லாதவர் வாயில் ஊதத் தேவையில்லை, அழுத்தினால் போதும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அப்போது ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த முறை கண்டுபிடிக்கப்பட்ட விதமும் உங்கள் கேள்வியோடு தொடர்புடையது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாக் கருவியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கருவியின் கனமான தகடுகளை நாயின் மார்பில் அழுத்தி வைத்தபோது, மின்சாரம் விடுவதற்கு முன்பே அதன் இரத்த அழுத்தம் சற்று ஏறுவதை நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் கவனித்தார். வெறும் அழுத்தமே இரத்தத்தைத் தள்ளுகிறது! கோவென்ஹோவன் என்ற மின்பொறியாளரும் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் அவருடன் சேர்ந்து 1960இல் எழுதிய கட்டுரையில், இதற்கு இரண்டு கைகள் இருந்தால் போதும், யாரும் எங்கும் செய்யலாம் என்று குறிப்பிட்டார்கள். ஷாக்கைத் தேடிப் போனவர்கள் கையைக் கண்டுபிடித்துத் திரும்பினார்கள். தொலைக்காட்சி இன்னும் ஷாக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

வேறு எதை நம்பக் கூடாது என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் எழுத இடமில்லை; வலிப்பை மட்டும் விட்டுவிட மனமில்லை. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தினர் நான்கு மருத்துவத் தொடர்களின் 327 பகுதிகளைப் பார்த்து, அவற்றில் வந்த 59 வலிப்புகளை 2010இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 46 சதவீத நிகழ்வுகளில் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் நடித்தவர்களே தவறான முதலுதவி செய்ததாகக் கண்டார்கள். நோயாளியை அமுக்கிப் பிடித்தார்கள். வாயில் எதையோ திணித்தார்கள். நம்மவர்கள் தம் பங்குக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்கும். சாவி தேடிக் கொண்டுவர ஆகும் நேரமும் அதுவே என்பதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியது, அடிபடாமல் சுற்றிலும் உள்ள பொருள்களை விலக்கி, உடலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடங்களைத் தாண்டினால் 108.

விபத்துக் காட்சிகளில் பிழை வேறு திசையில் போகிறது. 'கிரேஸ் அனாடமி' தொடரில் வந்த 290 விபத்து நோயாளிகளை 4,812 உண்மை நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. திரையில் 22 சதவீதத்தினர் இறந்தார்கள், நிஜத்தில் 7 சதவீதத்தினர். ஆனால் திரையில் பிழைத்தவர்களில் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களுக்குச் சென்றவர்கள் 6 சதவீதம் மட்டுமே, நிஜத்தில் 22 சதவீதம். ஒன்று சாவு, இல்லையென்றால் அடுத்த வாரமே வீடு. இடையில் இருக்கும் மாதக்கணக்கான பிசியோதெரபியும் சக்கர நாற்காலியும் கதைக்கு உதவாதவை. நம் படங்களில் குண்டை எடுத்து ட்ரேயில் 'டங்' என்று போட்டதும் உயிர் திரும்பிவிடுகிறதே, அதுவும் இந்த வகைதான்; குண்டை எடுப்பதால் வரும் ஆபத்து அதிகம் என்று உள்ளேயே விட்டுவைத்த நோயாளிகள் பலர்.

இதனால் இத்தகைய தொடர்களையே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2025இல் வெளிவந்து, சிறந்த தொடருக்கான எம்மி விருதும் பெற்ற 'தி பிட்' தொடரை நானே விரும்பிப் பார்த்தேன். பிட்ஸ்பர்க் நகரின் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் 15 மணி நேரப் பணியை மணிக்கு ஒரு பகுதியாகக் காட்டுகிறார்கள். படுக்கை கிடைக்காமல் வராந்தாவில் காத்திருப்பவர்கள், முயன்றும் மீளாதவர்கள், அதைக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று தயங்கும் மருத்துவர் என்று பெரும்பகுதி நான் அறிந்த உலகம்தான். 'இ.ஆர்.' தொடருக்கு எழுதிய அதே ஜோ சாக்ஸ் இதிலும் இருக்கிறார். தெரிந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகேனும் காட்ட மனம் வந்திருக்கிறது.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதால் மட்டும் காரியம் ஆகிவிடாது. டாக்டர்கள் டாக்டர்களுக்காகத்தானே பேசுவார்கள் என்று அவர் சொல்லலாம். ஆகவே சிகிச்சைப் பதிவின் நகலை அந்த மருத்துவமனையிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நோயாளியின் தரப்பினர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நடத்தை விதிகளில் உள்ளது. எட்டு மாதங்களே ஆகியிருப்பதால் பதிவு அவர்களிடம் இருக்க வேண்டும். அதில் அப்பா வந்துசேர்ந்த நேரம், நெஞ்சழுத்தம் தொடங்கிய நேரம், அட்ரினலின் எத்தனை முறை, ஒவ்வொரு இரண்டு நிமிட இடைவெளியிலும் மானிட்டரில் என்ன இருந்தது என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஈ.சி.ஜி. தாள் இணைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. நடுங்கும் கோடு ஏதேனும் ஓர் இடத்தில் பதிவாகி, அப்போதும் ஷாக் கொடுக்கப்படவில்லை என்றால், உங்கள் தம்பியின் கேள்வி நியாயமான கேள்வியாகிவிடும். அதற்கு அவர்கள் விடை சொல்லியே தீர வேண்டும். அப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நகல் கைக்கு வந்ததும் அந்த டியூட்டி டாக்டரையே சந்திக்க நேரம் கேளுங்கள். போகும்போது தம்பியை அழைத்துச் செல்லுங்கள்; கேள்வியை அவரையே கேட்கவிடுங்கள். தொடரைப் பற்றி நீங்கள் எடுக்க வேண்டாம். அவராகவே எடுப்பார்.